ஈரத்துணி சொட்டும் நடை

இராமேஸ்வரத்தில் மழைக்காலத்துத் துணி காயாது. இல்லை, காயும் என்று யாராவது வாதாடினால், கார்த்திகை மாதம் இராமலட்சுமி வீட்டு நடையில் வந்து நின்று பார்க்கட்டும். கடலில் முங்கி, கோவிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தத்தையும் உடுத்திய துணியோடே தலையில் வாங்கி, ஒழுக ஒழுக வந்து நிற்கும் யாத்திரைக் கூட்டம். சாயங்கால ரயிலுக்குள் எல்லாம் காய்ந்து பைக்குள் போய்விட வேண்டுமாம். உப்பு ஏறிய துணிக்கு ரயில் நேரம் தெரியுமா என்ன? காய்ந்த மாதிரி பாவனை பண்ணிவிட்டு, காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துக்கொண்டு மறுபடியும் பிசுபிசுக்கும்.

இராமலட்சுமிக்கும் அவள் புருஷன் மலையாண்டிக்கும் சொந்த ஊர் கமுதிப் பக்கம். மிளகாய்க் காட்டை அவன் அண்ணன்மாரிடம் விட்டுவிட்டு இங்கே வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. அவன் ஆட்டோ ஓட்டுகிறான். அவள் வீட்டின் முன்னறையை யாத்திரைக்காரர்களுக்கு நாள் வாடகைக்கு விடுகிறாள். முன்னறை, அதை ஒட்டிக் குளியலறை, அங்கிருந்து அடுப்படி வாசல்வரை ஓடும் ஒரு நீள நடை, அடுப்படிக்குப் பின்னால் இவர்கள் படுக்கிற ஒரு பொந்து. அவ்வளவுதான் வீடு. மேலே தகரக் கூரை. மொட்டை மாடி கிடையாது. வாசலை விட்டு இறங்கினால் தெரு. ஆகவே வந்தவர்கள் துணி முழுவதும் நடையில் கட்டிய நைலான் கொடியில்தான் தொங்கும், தொங்கிச் சொட்டும்.

அந்தச் சொட்டுச் சத்தத்தைத்தான் இராமலட்சுமியால் தாங்க முடியவில்லை.

குளியலறைப் பக்கத்தில் முதலில் ஒன்று விழும். தொப். அடுத்து ஓரடி தள்ளி இன்னொன்று. தொப். அப்புறம் இன்னும் கிட்டே. சிமெண்டுத் தரையில் சின்னச் சின்ன ஈரக்கால் பதிந்து வருகிற சத்தம். சிநேகா நடந்து வருவது போலவே இருக்கும். போலவே என்ன போலவே, அவள்தான். பெற்றவளுக்குத் தெரியாதா தன் பிள்ளையின் நடை?

சிநேகா அவர்களுடைய ஒரே மகள். இரண்டு வருஷத்துக்கு முன்பு, ஏழு வயதில், காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். குளித்தால் துவட்டிக்கொள்கிற வழக்கமே அந்தப் பிள்ளையிடம் கிடையாது. தண்ணீர் சொட்டச் சொட்ட வீட்டுக்குள் ஓடுவாள், வழுக்கி விழுவாள், எழுந்து சிரிப்பாள். ஒரு மார்கழிக் காலையில் இராமலட்சுமிக்குப் பொறுக்க முடியவில்லை. "ஈரக்காலோட உள்ள வந்தீன்னா காலை ஒடிச்சிருவேன். காயிற வரைக்கும் வாசல்லயே நில்லு" என்று கத்தினாள். அந்த நேரம் பார்த்து மிளகாய் வியாபாரி வந்தான். பேச்சு வளர்ந்தது. பிள்ளை நிற்பதையே அவள் மறந்துபோனாள். அன்று இராத்திரி காய்ச்சல் தொடங்கியது. ஆறாம் நாள் பிள்ளை இல்லை.

கொசுக் காய்ச்சல்தான், ஈரத்தில் நின்றதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றுதான் எந்த டாக்டரும் சொல்லியிருப்பார். ஆனால் அவள் யாரிடமும் கேட்கவில்லையே! வாசலில் நிற்க வைத்ததை மலையாண்டியிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் அவன் முகத்தை அப்புறம் எப்படிப் பார்ப்பது?

இங்கே நடையில் வருகிற அந்தக் கால்சத்தம் அடுப்படி வாசல்வரை வரும். வந்து நின்றுவிடும். ஒருநாளும் உள்ளே வந்ததில்லை. ஏன் நிற்கிறது என்று இந்த உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அதுதான் அவளைத் தின்றது. சத்தம் வாசலில் நின்ற மறுநிமிஷம் துடைக்கிற துணியை எடுத்துக்கொண்டு போய்த் தரையைத் துடைப்பாள், தோல் தேயத் தேயத் துடைப்பாள்.

மலையாண்டியிடம் சொல்லலாம்தான். ஆனால் பிள்ளை போன புதிதில் அவள் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தபோது, அண்ணன்மார் பேச்சைக் கேட்டு அவன் ஒரு கோடாங்கியைக் கூட்டி வந்தான். "ஒட்டிக்கிட்டு நிக்கிற புள்ளய வெரட்டிவிடுறேன்" என்று அந்த ஆள் உடுக்கையை அடித்து, வேப்பிலையால் வீட்டையெல்லாம் விளாசினான். மலையாண்டி கைகட்டி நின்றான். இப்போதும் வாயைத் திறந்தால் மறுபடி கோடாங்கி வருவான், வேப்பிலை வரும். பிள்ளையை அடித்து விரட்டுவதைவிடச் சத்தம் கேட்காமல் இருந்துவிட்டால் தேவலை என்று அவளுக்குப் பட்டது.

ஒருநாள் திருப்பூரிலிருந்து வந்த ஒரு அம்மாள் புறப்படும்போது கேட்டாள். "உங்க வீட்டுல சின்னக் குழந்தை இருக்குதா? மத்தியானம் படுத்திருந்தேன், நடையில ஓடுற மாதிரியே இருந்துதே."

இராமலட்சுமி துடைக்கிற துணியை எடுத்துக்கொண்டு நடைக்குப் போனாள். அன்று சாயங்காலமே மலையாண்டியிடம் சொல்லிவிட்டாள். "துவைச்சு, காயவச்சு, ரெண்டையும் ஒண்ணாவே செஞ்சு குடுக்கிற மிஷின் இருக்காம். வாங்கணும்."

"எதுக்கு? கொடி என்ன பாவம் பண்ணுச்சு?" என்றான் அவன்.

இராமநாதபுரத்தில் நெய்னா முகம்மது கடைக்குப் போனார்கள். பாலம் தாண்டி மூன்று தடவை போனார்கள் என்றால் மலையாண்டியின் சாமர்த்தியத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். நெய்னா முகம்மது ஒளிவு மறைவு இல்லாத மனுஷர்.

"தங்கச்சி, உள்ளத முதல்லயே சொல்லிர்றேன், பின்னாடி வந்து என்னைய ஏசக் கூடாது. எட்டுக் கிலோ துவைக்கும்னு போட்டிருக்கா? காயவைக்கிறது அஞ்சுதான். மொத்தத்தையும் திணிச்சுக் காயவச்சா பாதி ஈரமாத்தான் வரும். அஞ்சு கிலோ போட்டுத் துவைச்சுக் காய்ஞ்சு வெளிய வர நாலு மணி நேரம் ஆகும்."

"ஆகட்டும்ணே. வெளிய எடுக்கையில சொட்டாதுல்ல?"

"சொட்டவா? சூட்டோட வரும். அப்படியே மடிச்சு வைக்கலாம்."

மலையாண்டி குறுக்கே விழுந்தான். "எங்க தெருவுல வோல்டேஜு ஆடும்."

"ஸ்டெபிலைசர் போட்டாப் போச்சு. தனி பவர் பிளக்கும் போட்ருங்க."

"காயவைக்கவும் தண்ணி குடிக்குமாமே? நாங்களே குடத்துக்கு வரிசையில நிக்கிறோம்."

"சில மிஷின் குடிக்கும். நான் காட்டுறது குடிக்காது."

"உப்புக் காத்துல துருப்புடிச்சிரும்."

"உள் டிரம்மு எவர்சில்வர். நல்ல தண்ணியில ஒரு தடவ அலசிட்டுப் போடுங்க. கடல்தண்ணியோட போட்டா எந்த மிஷினும் தாங்காது, அல்லா மேல சத்தியம்."

"ரிப்பேர்னா?"

"அப்படிக் கேளுங்க! கம்பெனி பேரப் பாக்கக் கூடாது, மெக்கானிக் எங்கன இருக்காருன்னுதான் பாக்கணும். இதுக்கு ஆளு ராம்நாட்லயே இருக்காரு. போன் போட்டா ஒன்றரை மணி நேரத்துல ஒங்க வாசல்ல நிப்பாரு."

இதற்கு மேல் ஒரு மனுஷன் என்ன சொல்ல? ஆனால் மலையாண்டி மூஞ்சியைத் திருப்பிக்கொண்டான். "எரியிற கொள்ளியில எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி! வா, போவோம்." இரண்டாவது தடவை, அகலம் கூட, குளியலறையில் நுழையாது என்றான், நெய்னா முகம்மது டேப்பை வைத்து அளந்து காட்டினார், இரண்டடிக்கு ஒரு விரல்கடை குறைவு. மூன்றாவது தடவை, கண்ணாடிக் கதவு உடையும் என்றான். நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்கு. கஞ்சப் பயல் என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

கடைக்கு நடுவிலேயே அவள் வெடித்தாள். "நடை பூரா ஈரம்! வழுக்கி விழுந்து நான் சாகணுமா? அதான் வேணுமா ஒங்களுக்கு?"

மலையாண்டி அவளைப் பார்த்தான். அப்புறம் தரையைப் பார்த்தான். "சரி. வாங்கு" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் போய் உட்கார்ந்துகொண்டான்.

மிஷின் வந்தது. குளியலறை மூலையில் கச்சிதமாக உட்கார்ந்தது. நெய்னா முகம்மது சொன்னபடியே அலசிப் போட்டாள். ஐந்து கிலோவுக்கு மேல் ஒரு கைக்குட்டைகூடத் திணிக்கவில்லை. துணி கதகதவென்று வெளியே வந்தது. கொடியை அவிழ்த்துச் சுருட்டிப் பரணில் போட்டாள். நடை காய்ந்தது. ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு மத்தியானம் ஒரு சத்தமும் இல்லாமல் போனது. அடுப்படியில் தலைவைத்துப் படுத்தவள் சாயங்காலம்தான் எழுந்தாள்.

அப்பாடா என்று இருந்தது, பொய் சொல்வானேன். ஆனால் நாலைந்து நாளில் காதே வேறு மாதிரி ஆகிவிட்டது. வேலை செய்துகொண்டே இருப்பாள், கை நின்றுவிடும், காது நடைப்பக்கம் திரும்பும். அங்கே ஒன்றும் இருக்காது. வராதே வராதே என்று துடைத்துத் தள்ளினாளே, நிஜமாகவே வரவில்லை. விரட்டியாயிற்று. கோடாங்கி வேப்பிலையால் செய்ய முடியாததை அவள் பவர் பிளக்கில் செய்துவிட்டாள்.

மலையாண்டியும் ஒரு மாதிரி ஆகிவிட்டான். சவாரி இருக்கிற நேரத்தில் வீட்டுக்கு வந்து நடையில் நிற்பான். "இன்னைக்கு ஆளுக வரலையா? துணி ஒண்ணும் இல்லையா?" என்பான். சோறு போட்டால் பாதியில் கையைக் கழுவுவான். வாங்கின மிஷின் மேல் இன்னும் வயிற்றெரிச்சல் தீரவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை முன்னறையில் ஆள் இல்லை. அவள் மீன் வாங்கப் போனாள். பாதி வழியில் மழை பிடித்துக்கொள்ளத் திரும்பி வந்தாள். வாசலில் ஆட்டோ நின்றது. கதவு வெறுமனே சாத்தியிருந்தது. கையை வைத்தவள் அப்படியே நின்றாள்.

தொப். தொப். தொப்.

பயமா, சந்தோஷமா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. கதவைத் தள்ளினாள்.

நடையில் கொடி மறுபடி கட்டியிருந்தது. மலையாண்டியின் வேட்டி, இரண்டு துண்டு, அவளுடைய பழைய சேலை எல்லாம் பிழியாமல் தொங்கி ஒழுகின. கீழே ஒரு வாளித் தண்ணீர். அடுப்படி வாசல் நிலையில் சாய்ந்து மலையாண்டி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான், கண்ணை மூடிக்கொண்டு.

"இங்கன என்ன பண்றீங்க?"

பதறி விழித்தான். "துணி... காயப் போட்டேன்."

"மிஷின் இருக்கையிலயா?"

அவன் உதடு கோணியது. "லெச்சுமி, சொன்னா நீ பயப்படக் கூடாது. பாப்பா வாரா."

அவள் மீன்கூடையை வைத்துவிட்டு அவன் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். "எப்ப இருந்து?"

"இந்த வீட்டுக்கு வந்த அன்னைல இருந்து. நீ ஒடஞ்சு போவேன்னுதான் சொல்லல. மிஷினும் வேணாம் வேணாம்னு அதுக்குத்தான் சொன்னேன். வழுக்கி விழுந்து சாகவான்னு கேட்டியா, அப்புறம் நான் என்னத்தச் சொல்ல?" முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டான். "அங்கன இருந்து நல்லாத்தான் ஓடியாரா. இந்த வாசலு வந்ததும் நின்னுர்றா. கையை நீட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கேன், ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேங்கிறா. நான்தானே கோடாங்கிய வச்சு வெரட்டுனேன். அய்யா மேல கோவம் புள்ளைக்கு. அதான் உள்ள வரமாட்டேங்கிறா."

ஒன்றரை வருஷமாக இப்படி நினைத்துத்தான் இந்த ஆள் சோற்றை முழுங்கியிருக்கிறான். இப்போதும் அவள் வாயை மூடிக்கொண்டு இருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை.

"கோவம் ஒங்க மேல இல்ல" என்றாள். "நான்தான் நிக்கச் சொன்னேன்."

எல்லாவற்றையும் சொன்னாள். மார்கழிக் குளிர், ஈரக்கால், மிளகாய் வியாபாரி. அடிப்பான், இல்லாவிட்டால் எழுந்து போய்விடுவான் என்று காத்திருந்தாள். அவன் இரண்டும் செய்யவில்லை.

"எவ்வளவு நேரம் நின்னா?"

"அரை மணி இருக்கும்."

"அழுதாளா?"

"இல்ல. 'காஞ்சிருச்சும்மா, வரட்டுமா? காஞ்சிருச்சும்மா, வரட்டுமா?'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தா. எங் காதுல விழுந்துச்சு. வியாபாரி போகட்டும்னு இருந்தேன்."

கொடியில் சொட்டு குறைந்துகொண்டே வந்து ஒருவழியாக நின்றது. மலையாண்டி எழுந்தான். ஒவ்வொரு துணியாக எடுத்து வாளியில் முக்கி, பிழியாமல் போட்டுவிட்டு, திரும்பி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நான் கூப்பிட்டு வரல" என்றான். "நிக்கச் சொன்னவ நீ. நீயே கூப்பிடு."

குளியலறைப் பக்கம் ஒன்று விழுந்தது. ஓரடி தள்ளி இன்னொன்று. ஓட்டமும் நடையுமாக வந்து வாசலில் நின்றது.

"உள்ள வா தாயி" என்றாள் இராமலட்சுமி. "ஈரக்காலோடயே வா."