பெடலுக்குள் காற்று

"அமுக்கு" என்றார் கணவர், வண்டிக்குக் கீழிருந்து.

அமுக்கினேன்.

"பிடி."

பிடித்தேன். அவர் திருகைத் தளர்த்தியதும் பெடல் என் காலோடு தரைவரை இறங்கியது. அவர் மறுபடி இறுக்கிவிட்டு "விடு" என்றார். விட்டேன்.

பிரேக் குழாய்க்குள் போன காற்றை வெளியே எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து மிதிக்க, இன்னொருவர் கீழே படுத்துத் திறந்து மூட. கல்யாணமாகி இத்தனை வருடங்களில் நானும் என் கணவரும் ஒருவர் சொல்லை ஒருவர் இவ்வளவு ஒழுங்காகக் கேட்டு நடந்த வேறொரு காரியம் எனக்கு நினைவில்லை.

"குழாயில காத்தே வரலை பாரு. சுத்தமா எண்ணெய்தான் வருது" என்றார். திருகில் செருகிய, கண்ணாடிபோல் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயின் மறுமுனை ஒரு பாட்டிலுக்குள் இருந்தது.

"இன்னொரு தடவை பாக்கலாமா?"

"இதையே எத்தனை தடவை சொல்லுவ? பாட்டிலே நிறைஞ்சு போச்சு."

அவர் சொல்வது கண்ணுக்குத் தெரிந்தது. குழாயில் ஒரு குமிழி இல்லை. ஆனால் என் காலுக்கு வேறொன்று தெரிந்தது. பெடல் மெத்தென்று இறங்கியது. ஊதிய பலூனை மிதிப்பதுபோல் ஓர் இளக்கம். விடாமல் நாலைந்து முறை மிதித்தால் கெட்டிப்படும். காலை எடுத்துச் சற்றுப் பொறுத்து மிதித்தால் மறுபடி அந்த இளக்கம். பழைய பிரேக் இப்படி இருந்ததில்லை. அது சுவரை மிதிப்பதுபோல் இருக்கும்.

அந்தப் பழைய பிரேக்கை மாற்றச் சொன்னதே நான்தான்.

இது இரண்டு கதவு வண்டி. தாழ்ந்த கூரை, நீண்ட மூக்கு, பின்னால் குழந்தைகள் மட்டும் மடங்கி உட்காரக்கூடிய ஒரு இருக்கை. என் கணவர் அச்சகத்தில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்பவர். வீட்டுக்கு வந்தால் இதைப் பார்த்துக்கொள்வார். அழகு இருக்கு, மூச்சு இல்லை என்பார் இதன் இன்ஜினைப் பற்றி. பழைய வண்டிகளை உடைத்து விற்கும் இடத்தில், இதே கம்பெனியின் பிந்தைய மாடல் ஒன்று பின்பக்கம் நொறுங்கி வந்து நின்றது. முன்பக்கம் முழுசாக இருந்தது. அதிலிருந்து இன்ஜின், கியர் பெட்டி, ரேடியேட்டர் என்று ஒவ்வொன்றாக எங்கள் ஷெட்டுக்கு வந்து சேர்ந்தன. "அண்ணன் உறுப்பு மாத்துற டாக்டர் ஆயிட்டாரு" என்று அவருடைய தம்பி ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தான்.

புது இன்ஜினை முதல் தடவை முடுக்கியபோது சமையலறை அலமாரியில் தட்டுகள் அதிர்ந்தன. "ஓடறதுக்கு இவ்வளவு சேர்த்தாச்சு. நிக்கறதுக்கு என்ன சேர்த்தீங்க?" என்று கேட்டேன். அவர் யோசித்தார். அதே செத்த வண்டியின் முன்சக்கர பிரேக்குகளும் வந்தன, பெரியதாக, கனமாக. பழையது ஒழுங்காகத்தான் நிறுத்திக்கொண்டிருந்தது. என் பயம் அதைக் கழற்ற வைத்தது.

பயத்தைப் பற்றி நான் கொஞ்சம் சொல்ல வேண்டும். டயாலிசிஸ் வார்டில் நர்ஸாக இருக்கிறேன். ஒருவருடைய ரத்தம் குழாய் வழியாக வெளியே வந்து, சுத்தமாகி, உள்ளே திரும்பிப் போகிறது. அதில் ஒரு காற்றுக்குமிழி சேர்ந்து போகக்கூடாது. அதற்கு இயந்திரத்தில் கண் இருக்கிறது, மணி இருக்கிறது, இருந்தும் நான் பார்ப்பேன். அங்கே என் பயத்துக்கு மரியாதை உண்டு. வீட்டில் அதே பயம் சிரிப்புக்கு இடமாகிறது. அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பியிருக்கிறேன். மகள் போனை எடுக்காத ஒரு மாலையில் அவளுடைய கல்லூரிக்கே போய் நின்றிருக்கிறேன். அவள் கேண்டீனில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து அவள் எனக்கு வைத்த பெயர் சைரன்.

அவர்கள் என்னை நம்பாததுகூடப் பரவாயில்லை. நானே என்னை நம்புவதில்லை. நெஞ்சில் ஒன்று கிடந்து அடித்துக்கொள்ளும்போது, அது வெளியே இருக்கும் ஆபத்தின் சத்தமா, என் சத்தமா என்று எனக்குத் தெரிவதில்லை.

கணவரும் அவர் தம்பியும் சக்கரங்களை மாட்டி வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கினார்கள். மகள் ஓடிவந்து முன்னிருக்கையில் ஏறி பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். முதல் சவாரி அவளுக்கு என்று அப்பா எப்போதோ வாக்குக் கொடுத்திருந்தார். தம்பி போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே போய் நின்றான். எங்கள் தெரு வாசலிலிருந்தே சரிவு. அடிவாரத்தில் பஸ்கள் போகும் பெரிய சாலை குறுக்கே ஓடுகிறது.

"இறங்கும்மா" என்றார் கணவர், கையைத் துணியில் துடைத்தபடி.

நான் இறங்கவில்லை.

"பெடல் சரியில்லைங்க."

"என்ன சரியில்ல?"

"மெத்துனு போகுது."

"புதுசா மாட்டினா அப்படித்தான் இருக்கும். ஓட ஓட செட் ஆயிடும்."

"அம்மா, ஆரம்பிச்சுட்டியா?" என்றாள் மகள். "சைரன் ஆன்."

"அண்ணி, நல்ல நேரம் முடியறதுக்குள்ள விட்டுக் குடுங்க" என்று வெளியிலிருந்து தம்பி கத்தினான். "போன்ல சார்ஜ் இல்ல!"

"காலையிலேருந்து பெடல்ல கால் வெச்சது நான் மட்டும்தான்" என்றேன். "நீங்க ஒரு தடவை உக்காந்து மிதிச்சுப் பாருங்க. அப்புறம் பேசலாம்."

இறங்கி இடம் விட்டேன். அவர் உட்கார்ந்து படபடவென்று ஐந்தாறு முறை மிதித்தார்.

"கல்லு மாதிரி இருக்கு. இதுக்கு மேல என்ன வேணும் உனக்கு?"

"அப்படி வேகமா இல்ல. கால எடுத்துட்டு, ஒரு மூச்சு விட்டுட்டு, மெதுவா ஒரே ஒரு தடவை."

"கிளம்பற நேரத்துல வகுப்பு எடுக்காத." சாவியைத் திருப்பினார். ஷெட் முழுக்க இன்ஜின் உறுமியது.

அந்த உறுமலில் என் குரல் எடுபடாது. வண்டியைச் சுற்றிப் போய் மகள் பக்கத்துக் கதவைத் திறந்தேன்.

"இறங்கு."

"அம்மா, ப்ளீஸ். மானத்தை வாங்காத."

நான் குனிந்து அவள் பெல்ட்டைக் கழற்றினேன். கழன்ற பெல்ட் மெதுவாகத் தன் உறைக்குள் போனது. அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கல்லூரி வாசலில் நான் போய் நின்ற அன்று இந்தக் கை நடுங்கியதை அவள்தான் பிடித்து நிறுத்தினாள். அடுப்புக்காகத் திரும்பி ஓடும்போதெல்லாம் பூட்டில் சாவி நுழையாமல் தட்டுத்தடுமாறும். இப்போது அது நடுங்கவில்லை. அவள் பார்த்த பிறகுதான் நானும் பார்த்தேன். வார்டில் குழாயைப் பிடித்திருக்கும்போது இருக்கும் கை அது.

"அப்பா" என்றாள். "ஒரு நிமிஷம். ஆஃப் பண்ணுங்க."

"நீயுமா?"

"அம்மா சொல்ற மாதிரி ஒரே ஒரு தடவை மிதிச்சுடுங்களேன். என்ன குறைஞ்சுடப் போகுது?"

அவர் இன்ஜினை அணைத்தார். எங்கள் இருவரையும் முறைத்தார். காலை எடுத்தார், வைத்தார், மெதுவாக அழுத்தினார். அவர் முழங்கால் இறங்கிக்கொண்டே போனது. முறைப்பு முகத்தில் அப்படியே இருந்தது. அதற்குப் பின்னாலிருந்த கோபம் போய்விட்டது.

"உள்ள போகுது" என்றார், யாரிடமோ சொல்வதுபோல்.

சக்கரத்தை மறுபடி கழற்றினார். நான் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தேன். சக்கரத்தோடு சுழலும் தட்டைக் கவ்விக்கொண்டு நிற்கும் இரும்புப் பெட்டி, அதற்குள் எண்ணெய் கொண்டுவரும் ரப்பர் குழாய், காற்று எடுக்கும் திருகு. காலையிலிருந்து நான் மேலே இருந்ததால் இதைப் பார்த்திருக்கவில்லை.

"இந்தத் திருகு ஏங்க கீழ இருக்கு?"

"அது அங்கதான் இருக்கு. அதுக்கென்ன?"

"காத்து மேலதானே போய் நிக்கும்? எங்க வார்டுல குழாய் நடுவுல ஒரு சின்னக் குப்பி இருக்கும். ரத்தம் அடி வழியா வெளிய போகும், காத்து உச்சியில தங்கிடும். காத்தைப் பிடிச்சு வைக்கறதுக்குன்னே அப்படி வெச்சிருக்கோம். இதுவும் அப்படித்தான் நிக்குது."

அவர் எழுந்தார். அந்தப் பக்கம் போய் மற்ற சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தார். அங்கும் கீழேதான்.

"இடது இடதுக்கு, வலது வலதுக்குத்தானே மாட்டினேன்" என்றார்.

அதில் சந்தேகமே இல்லை. கழற்றும்போது மாறிப்போகக் கூடாதென்று வார்டிலிருந்து நான் பிளாஸ்திரி கொண்டுபோயிருந்தேன். ஒவ்வொன்றிலும் ஒட்டி, இ, வ என்று நானே எழுதினேன். வண்டி உடைத்து விற்கும் கடைக்காரர்கூட, "அக்கா, பிரசவ வார்டுல குழந்தைக்குக் கட்டுற மாதிரி கட்டுறீங்களே" என்று சிரித்தார்.

கணவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "அந்த வண்டியில இந்தப் பெட்டி சக்கரத்தோட அச்சுக்கு முன்னாடி இருந்துச்சு" என்றார் மெல்ல. கையைக் காற்றில் வைத்துச் சுழற்றிக் காட்டினார். "இதுல பின்னாடி. அதே பக்கத்துல முன்னாடி இருக்கறத பின்னாடி கொண்டுவந்தா தலைகீழா நிக்கும். பக்கம் மாத்திப் போட்டிருக்கணும்."

தம்பி போனைப் பையில் போட்டபடி உள்ளே வந்தான். "அப்ப லேபிளே ஒட்டாம, குளறுபடியா அள்ளிட்டு வந்திருந்தா சரியா மாட்டியிருக்கும்கறீங்க."

யாரும் சிரிக்கவில்லை. பிறகு மகள் சிரித்தாள். அவளுக்கு உடனே கண் கலங்கியது. அவள் கேட் வழியாகச் சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இடதை வலதுக்கும் வலதை இடதுக்குமாக மாற்றினார்கள். அமுக்கு, பிடி, விடு. இந்த முறை பிளாஸ்டிக் குழாயில் குமிழிகள் வந்தன. ஒன்றிரண்டு அல்ல, கொத்துக் கொத்தாக. ஒவ்வொன்றும் பாட்டிலில் போய் உடைவதை மகள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் என் காலுக்கடியில் பெடல் இரண்டு விரல் அளவு இறங்கி நின்றது. அழுத்தினேன். அசையவில்லை. காலை எடுத்து, மூச்சு விட்டு, மறுபடி அழுத்தினேன். சுவர்.

"போகலாமா?" என்றார் கணவர்.

கேட்டது என்னிடம். தம்பியும் மகளும் என்னைப் பார்த்தார்கள். இத்தனை வருடங்கள் இதைத்தானே கேட்டேன், ஒரு தடவையாவது என்னைக் கேளுங்கள் என்று. கேட்டதும் நெஞ்சில் அது அப்படியே அடித்துக்கொண்டது. பெடல் கல்லாக இருந்த பிறகும், காலையில் அடித்த அதே வேகத்தில். அதற்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை. தெரிந்தது என் காலுக்குத்தான்.

என் கையைப் பார்த்தேன். நடுங்கிக்கொண்டிருந்தது. முந்தானையில் சுற்றிக்கொண்டேன்.

"போங்க" என்றேன். "முதல் வளைவிலேயே ஒரு தடவை நிறுத்திப் பாருங்க."

மகள் ஏறி பெல்ட்டை மாட்டினாள். இழுத்துப் பார்த்துவிட்டு, கண்ணாடியை இறக்கி, என்னிடம் எதுவோ சொல்ல வாயெடுத்தாள். இன்ஜின் உறுமலில் கேட்கவில்லை.

கேட்டில் நின்று பார்த்தேன். வண்டி சரிவில் இறங்கியது, நான் நினைத்ததைவிட வேகமாக. வளைவுக்கு முன் பின்பக்கம் சிவப்பு விளக்கு எரிந்தது. விளக்கு எரிந்தால் பெடலை மிதித்திருக்கிறார் என்று மட்டும்தான் அர்த்தம். வண்டி இன்னும் போய்க்கொண்டிருந்தது. "அண்ணி, மூச்சு விடுங்க" என்று பக்கத்தில் தம்பி சொன்னது எங்கோ தூரத்தில் கேட்டது.

நின்றது. மூக்கு தாழ்ந்து, வால் ஒருமுறை எழும்பி, அப்படியே நின்றது.

பிறகு சிவப்பு அணைந்தது. வண்டி வளைவில் திரும்பி என் கண்ணிலிருந்து மறைந்தது. இரண்டாவது வளைவு கேட்டிலிருந்து தெரியாது. அதற்கப்புறம் பெரிய சாலை.