பத்திரிகை வைக்காத தம்பி

ரத்த வங்கிக்காரர் ஊதச் சொல்லாத குறைதான். ஒவ்வொருவராகக் கிட்டே கூப்பிட்டு, பேச்சுக் கொடுத்து, மோந்து பார்த்துத் திருப்பி அனுப்பினார். சாந்தோம் சர்ச் பங்கிலிருந்து ஓடி வந்திருந்த அத்தனை ஆண்களும், நேற்று ஜொவிட்டாவின் மகள் டீனா கல்யாணத்தில் மனசாரக் குடித்து வாழ்த்தியவர்கள். நாளைக்கு வரச் சொன்னார்.

நாளைக்கு ஃபிரெட்ரிக் இருக்க வேண்டுமே! காலையில், அடுத்தவனுக்கு சீரியல் விளக்கு அவிழ்க்கத் தெரியாது என்று தானே ஏணியேறிய ஜொவிட்டாவின் புருஷன், பின்மண்டை அடிபட விழுந்தார். ரத்தமே வரவில்லையென்று தெருவே அவளைத் தேற்றியது. இப்போது ஊசி குத்திய இடமெல்லாம் கசிந்தது.

"மூளையில அடிபட்டா அங்கேர்ந்து சிலது ரத்தத்துல கலந்துடும்மா," என்றார் டாக்டர். "உறையறதுக்கு வேண்டியதெல்லாம் கண்ட எடத்துல செலவாயிடுது. இப்ப உறைய மாட்டேங்குது. மூளையும் வீங்கிட்டே போகுது. பிளாஸ்மா ஏத்தாம கத்தி வைக்க முடியாது."

கையிருப்பு குறைவு, ஆள் கொடுத்தால்தான் பதிலுக்குப் பை. ஜொவிட்டாவுக்கே ரத்தம் போதாதாம். கவுனுக்காகப் பட்டினி கிடந்த டீனாவும் எடை தேறவில்லை.

நேற்று குடிக்காத ஆண் யார்? கல்யாணத்துக்கே வராதவன்தான். ஃபிரெட்ரிக்கின் தம்பி ஸ்டீவ். நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளைக்கு முன்மண்டையில் முடி கம்மி என்று சொல்லிவிட்டான். ஊருக்கே தெரிந்த சங்கதிதான். ஆனாலும் அவன் வீட்டுக்குப் பத்திரிகை வைக்கக் கூடாதென்று ஒற்றைக் காலில் நின்றவள் ஜொவிட்டா. ஃபிரெட்ரிக் இரண்டு வேளை சாப்பிடாமல் இருந்து பார்த்து, விட்டுவிட்டார்.

போனில் அவள் அழுது முடிக்குமுன் அவன் ஆஸ்பத்திரி பெயரை மட்டும் கேட்டான். ஆதம்பாக்கத்திலிருந்து லுங்கியோடே வந்து நின்றான்.

"குடிச்சிருக்கியா?" அவள் வாயில் அதுதான் வந்தது.

"எனக்கு யாரு அண்ணி ஊத்துனா?"

பங்கு ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். அவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டே உள்ளே போனான்.

டாக்டர் ஜொவிட்டாவைத் தேடி வந்தபோது அவன் இன்னும் படுத்திருந்தான். வீக்கம் மூளையில் மூச்சுக்கான இடத்தை அமுக்கி, உயிர் போய்விட்டதாம். டீனா சுவரோடு சரிந்தாள். ஜொவிட்டா நேரே ரத்த வங்கிக்கு நடந்தாள்.

ஸ்டீவ் முழங்கையை மடக்கியபடி எழுந்து உட்கார்ந்திருந்தான். அவர்கள் கொடுத்த ஜூஸ் பாக்கெட்டில் ஒரு கையால் ஸ்ட்ராவைக் குத்தப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணனுக்கு ஏத்திட்டாங்களா? இன்னொரு பை வேணும்னாலும் சொல்லுங்க அண்ணி. நான் இங்கதான் கீறேன்."

அவள் பாக்கெட்டை வாங்கி, ஸ்ட்ராவைக் குத்தி, அவன் கையில் கொடுத்தாள்.

"மொதல்ல இத்த குடி," என்று பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அவன் மெதுவாகத்தான் குடித்தான்.