நாடகத்தில் அழுத செல்வம்மாள்

என்னைப் போல நடிக்க சரோஜாவைப் போட்டிருக்கிறார்கள் என்பது எனக்கே கடைசியில்தான் தெரிந்தது. ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. ஐஸ் கடைக்காரனுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. செல்வம்மாள் ஆகிய என்னிடம் மட்டும் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.

எங்கள் ஊர் தோணிரேவில் புயல் வந்தால் ஒதுங்க ஒரு மாடிக் கட்டிடம் கட்டி வைத்திருக்கிறார்கள். புயல் வராத நாளில் அதில் கிழிந்த வலையும் ஆடும்தான் இருக்கும். இந்த மார்கழியில் சென்னையிலிருந்து ஒரு கலைக் குழு வந்து, பொங்கல் வரைக்கும் அங்கே வகுப்பு எடுத்தது. பாட்டு, படம், ஆட்டம், நாடகம், ஆறு வயதிலிருந்து எழுபது வயது வரை யார் வேண்டுமானாலும் வரலாம் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். நன்றாக வாடை அடிக்கிற நாள். ஏரிக்கு மீன் பிடிக்கப் போன ஆம்பளைகள்கூடப் பொழுது சாய்ந்ததும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்தார்கள். கருப்பன் மாமாவுக்கு எழுபத்திரண்டு வயது. படம் வரைகிற வகுப்பில் சேர்ந்து தினமும் நண்டு வரைந்தார். நண்டுக்குக் கொடுக்கோடு சேர்த்துப் பத்துக் கால், நீ எட்டுதான் போட்டிருக்கிறாய் என்று வரைந்து காட்டிய டீச்சரோடு ஒரு சாயங்காலம் முழுக்கச் சண்டை போட்டார்.

நானும் அந்த வகுப்பில்தான் பெயர் கொடுத்தேன். ஆசைப்பட்டு இல்லை. என் மகள் நந்தினி நாடக வகுப்புக்குப் போய்விட்டால் நான் வீட்டில் தனியாகச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். மூன்று வருஷமாக எனக்கு எதிலும் ஆசை வந்ததில்லை. வெறுப்பும் வந்ததில்லை. சோறு தின்றால் தின்றேன் என்று தெரியும், ருசி தெரியாது. கோபம் மட்டும் வரும். அதுவும் வாய்ப் பழக்கம்தான், உள்ளே ஒன்றும் கொதிக்காது. டீச்சர் கொடுத்த தாளில் நான் நாலு நாள் கோடு போட்டேன். இது என்ன என்று அந்தப் பெண் கேட்டது. கோடு என்றேன்.

நந்தினிக்குப் பதினேழு வயது. என்னோடு பேசுவாள். சாவி எங்கே, தண்ணீர் வந்ததா, கேஸ் தீர்ந்துவிட்டது, அந்த அளவுக்குப் பேசுவாள். அதற்குக் காரணம் நான்தான், மறைக்க ஒன்றும் இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரர் தாமோதரன் கடலுக்குப் போய்த் திரும்பும்போது, ஏரி கடலோடு சேர்கிற முகத்துவாரத்தில் போட் கவிழ்ந்தது. கூடப் போன இரண்டு பேரும் நீந்தி வந்துவிட்டார்கள். அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நான் அப்போது வாசலில் ஒரு கூடை இறாலை ரகம் ரகமாகப் பிரித்துக்கொண்டிருந்தேன். நந்தினி கரையிலிருந்து ஓடி வந்து சொன்னாள். இரு, இதை முடித்துவிட்டு வருகிறேன் என்று சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்ப ஓடிப்போனாள்.

நான் கரைக்குப் போனது ஒரு மணி நேரம் கழித்து. அந்த ஒரு மணி நேரமும் பதினாலு வயதுப் பெண் அப்பன் தலையை மடியில் வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்திருந்தாள். வந்தவர் போனவர் எல்லோரும் உங்கம்மா எங்கே என்று அவளைத்தான் கேட்டிருக்கிறார்கள். புருஷன் பிணம் கரையில் கிடக்கிறது, இவள் இறால் பிரிக்கிறாளே என்று ஊர் பேசியது. காரியத்தன்றும் பேசியது. இன்றைக்கும் பேசும். பேசினால் பேசிவிட்டுப் போகட்டும், ஊருக்கு நான் பதில் சொல்லக் கடமைப்பட்டவள் இல்லை. ஆனால் நந்தினி ஒரு தடவைகூட ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஒருநாள் வகுப்பு முடிந்து நந்தினியைக் கூப்பிட மாடிக்கு ஏறினேன். ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டு சரோஜா தலையை விரித்துப்போட்டுக்கொண்டு மார்பில் அடித்துக்கொண்டு ஓடினாள். எதிரே ஐஸ் வண்டி ஓட்டுகிற லோகேஷ் கண்ணை மூடிக்கொண்டு மல்லாந்து கிடந்தான். அவன் தலை நந்தினி மடியில் இருந்தது. சரோஜா போய் அவன்மேல் விழுந்து, 'என்னை வுட்டுட்டுப் போயிட்டியே' என்று கதறினாள். நன்றாகத்தான் கதறினாள். படி ஓரம் நின்ற இரண்டு பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். 'செல்வம்மா, எழுந்திரும்மா' என்று ஒருத்தி சரோஜாவைத் தூக்கினாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

நாடகம் சொல்லிக்கொடுக்கிறவர் பெயர் தினகரன். ஒல்லியான ஆள், எல்லோரையும் அக்கா என்பார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் செத்துவிட்டது. உங்கள் ஊரில் மறக்க முடியாத ஒரு நாளை எழுதுங்கள் என்று அவர் கேட்டாராம், நந்தினி எழுதிக்கொடுத்தாளாம், அம்மாவிடம் சொல்லிவிட்டேன் என்றாளாம். வேண்டுமானால் பெயரை மாற்றிவிடலாம், கதையையே மாற்றிவிடலாம் என்று என்னென்னவோ சொன்னார். பெயர் இருக்கட்டும், நான் அன்றைக்கு ஓடவும் இல்லை, அழவும் இல்லை, அதை ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டேன். அவர் நந்தினியைப் பார்த்தார். லோகேஷ் மெல்ல எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு வெளியே போனான்.

"நீ பண்ணத அப்படியே போட்டா ஊரே காறித் துப்பும்" என்றாள் நந்தினி.

"துப்பட்டும். நடந்தது அதானே."

"எனக்கு அழுவுற அம்மா வோணும்" என்றாள். "நாடகத்துலயாச்சும்."

அவள் கத்தவில்லை. கேஸ் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற அதே குரலில்தான் சொன்னாள். யாராவது என்னை ஓங்கி அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், வலிக்கிறதா என்றாவது பார்த்திருப்பேன். எனக்கு ஒன்றும் வரவில்லை. வீட்டுக்கு வந்து உலை வைத்தேன், குழம்பைச் சுட வைத்தேன், சாப்பிட்டோம். அவள் தட்டை அவளே கழுவி வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் நான் தினகரனிடம் போய், செல்வம்மாளாக நானே வருகிறேன், அழ மாட்டேன், கூடையை முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன் என்று சொன்னேன். எதற்காகச் சொன்னேன்? ஊருக்காக இல்லை. என் பெண் இனிமேல் ஆயுசுக்கும் சரோஜாவை நினைத்துக்கொண்டு அம்மா என்று சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. திட்டினாலும் என்னைத் திட்டட்டும். பக்கத்தில் இருந்த நந்தினி எழுந்து வெளியே போய்விடுவாள் என்றுதான் எதிர்பார்த்தேன். சுவரைப் பார்த்துக்கொண்டு, 'வரட்டும்' என்றாள்.

சரோஜாவுக்குத்தான் மனத்தாங்கல். பத்து நாளாக அழுது அழுது தொண்டை கட்டியவள். உனக்கு இன்னா வரும்னு நடிக்கக் கிளம்பினே என்று கேட்டுவிட்டாள். எனக்கு ஒன்றும் வராது, அதற்குத்தான் போகிறேன் என்றேன்.

தினகரன் மேடையை இரண்டாகப் பிரித்தார். வலது பக்கம் நான், கூடை, மூன்று தட்டு. இடது பக்கம் கரை. நந்தினி ஓடி வந்து செய்தி சொல்லுவாள். நான் இரு என்பேன். அவள் கரைக்குப் போய் லோகேஷ் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவாள். நான் கூடையை முடித்து எழுந்து, ஆறு எட்டு எடுத்து வைத்துப் போய் அவள் பக்கத்தில் உட்கார வேண்டும். அவ்வளவுதான் என் வேஷம். ஒத்திகையில் இறாலுக்குப் பதில் கிளிஞ்சல் கொடுத்தார். கிளிஞ்சலைப் பிரிப்பதற்கு என்ன, இரண்டு நிமிஷத்தில் முடித்துவிட்டு எழுந்து போனேன். ஒத்திகை நடந்த மூன்று நாளும் அப்படித்தான். நந்தினி என் பக்கம் திரும்பவே இல்லை. நானும் சுவரில் தொங்குகிற காலண்டரைப் பார்ப்பதைப் போல அவளைப் பார்த்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

காணும் பொங்கலன்று சாயங்காலம் நாடகம். பக்கத்து ஊர் பசியாவரத்திலிருந்துகூடப் போட்டில் ஆள் வந்தது. கட்டிடத்துக்கு முன்னால் மண்ணில் பாய் போட்டு உட்கார்ந்தார்கள். முதலில் பொடிசுகள் பாடின, பெண்கள் கும்மி ஆடினார்கள், கருப்பன் மாமா வரைந்த நண்டுகளைக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். கிளிஞ்சலை வைத்துக்கொண்டு ஊர் முன்னால் உட்கார எனக்குக் கேவலமாக இருந்தது. இறால்காரியைப் பார்த்துப் பழகிய ஊர், சிரிக்கும். அன்றைக்குக் காலையில் வந்த இறாலையே ஐஸ் போட்டு ஒரு கூடை எடுத்துப் போயிருந்தேன்.

நந்தினி ஓடி வந்தாள். "அம்மா, நைனா போட் கவுந்துடுச்சு. கரைக்குத் தூக்கினு வந்துட்டாங்க" என்றாள். நான் இரு என்று சொன்னேன். அவள் போனாள்.

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த கிழவர் பக்கத்தில் இருந்தவரிடம் என்னவோ சொன்னார். எனக்குக் காதில் விழுந்தது, உறைக்கவில்லை. கையை உள்ளே விட்டேன். ஐஸ் தண்ணீர், வழவழவென்று இறால், மீசை விரலில் சிக்கியது. வெள்ளை ஒரு தட்டில், டைகர் ஒரு தட்டில், பொடி ஒரு தட்டில். கண்ணே வேண்டாம், கை பார்த்துக்கொள்ளும். கூடை அடி தெரிய ஆரம்பித்தது. ஏழெட்டு இறால் பாக்கி. அப்புறம் நாலு.

அப்போது என் கை மூன்று தட்டையும் எடுத்தது. வெள்ளை, டைகர், பொடி எல்லாவற்றையும் திரும்பக் கூடையில் கொட்டிக் கலக்கியது. முதலிலிருந்து பிரிக்க ஆரம்பித்தது.

அன்றைக்கும் இதைத்தான் செய்தேன். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. வாசலில் யாரும் இல்லை, யாரும் பார்க்கவில்லை. கூடை முடியாத வரைக்கும் அவர் கடலுக்குப் போன மனுஷன். முடித்து எழுந்து போனால் செத்தவர். நான் எழுந்திருந்தால்தான் அவர் சாவார். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, எனக்கு நானேகூடச் சொல்லிக்கொள்ளவில்லை. ஊர் சொன்னதையே நானும் நம்பிவிட்டேன், கல் நெஞ்சுக்காரி போலிருக்கிறது என்று.

கூட்டத்தில் பொடிசுகள் சிரித்தன. யாரோ அதட்டினார்கள். ஓரத்திலிருந்து தினகரன், "அக்கா, எழுந்திருங்க அக்கா" என்று கையைக் காட்டினார். செத்துக் கிடந்த லோகேஷ் என்ன ஆயிற்று என்று தலையைத் தூக்கிப் பார்த்தான். அவன் தலையைக் கீழே வைத்துவிட்டு நந்தினி எழுந்து வந்தாள். நாடகத்தில் அப்படி இல்லை. எனக்கு எதிரே குந்தி உட்கார்ந்து கூடையைப் பார்த்தாள், தட்டுகளைப் பார்த்தாள்.

"அன்னைக்கும் கொட்டினியா?"

"ம்."

"எத்தினி தடவ?"

"ரெண்டு" என்றேன். "முடிஞ்சா எழுந்திரிக்கணுமே."

அவள் தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு கையைக் கூடைக்குள் விட்டாள். பிரித்தாள். வேகமாகப் பிரிக்கத் தெரியாது அவளுக்கு, வெள்ளை எது, பொடி எது என்று ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து வைத்தாள். நான் அவசரப்படுத்தவில்லை. ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. பார்க்கட்டும். சரோஜா எங்கேயோ மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது, அவளுக்கு எப்போதும் சுலபமாக வரும்.

கூடையில் ஒன்றே ஒன்று பாக்கி. நந்தினி அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். திரும்பக் கொட்டு என்று நான் சொல்லியிருந்தால் கொட்டியிருப்பாள். நான் சொல்லவில்லை. அதைத் தட்டில் வைத்தாள்.

"வாம்மா," என்றாள். "நானும் வரேன்."

எழுந்து போனேன்.