மேல் தோட்டத்துத் தண்ணீர்

எனக்குக் கோபம் வந்தால் காது கேட்காது. சின்ன வயதிலிருந்து வீட்டில் சொல்லிக் காட்டுகிற குறைதான். ஆனால் அதனால் ஒரு மீன் இனமே போகப் பார்க்கும் என்று நான் நினைத்ததில்லை.

மாரமங்கலத்துக்குக் கீழே ஓடும் ஓடையில் ஒரு மடு இருக்கிறது. இரண்டு லாரி நிற்கும் அகலம், நல்ல காலத்தில் கழுத்தளவு ஆழம். அதில் கருவால் கெண்டை என்ற மீன் வாழ்கிறது. விரல் நீளம்தான், வால் நுனியில் மட்டும் மை தொட்டு வைத்த மாதிரி ஒரு கறுப்பு. சேர்வராயன் மலையில் மற்ற ஓடைகளில் தேடிப் பார்த்தோம், ஒன்றுகூட இல்லை. மடுவில் இருப்பது அறுபது. மூன்று வருடமாக எண்ணிக்கொண்டு வருகிறேன், அறுபதுக்கு மேல் ஏறியதே இல்லை. குஞ்சு ஒன்றைக்கூடக் கண்ணில் பார்க்கவில்லை.

நான் சிவரஞ்சனி, சேலத்தில் ஒரு கல்லூரியின் மீன் பாதுகாப்புத் திட்டத்தில் வேலை பார்க்கிறேன். மாரமங்கலத்தில் வாடகை அறையில் ஐந்து கண்ணாடித் தொட்டி வைத்து, மடுவிலிருந்து சில ஜோடிகளைப் பிடித்துவந்து முட்டையிட வைக்கப் பார்த்தேன். ஊசி போட்டேன், தண்ணீரைக் குளிர வைத்தேன். மார்ச் மாதத்து முதல் மழைதான் இவற்றுக்கு முகூர்த்தம் என்று தெரிந்ததும், செடிக்கு ஊற்றும் பூவாளியை வாங்கிவந்து தொட்டிக்கு மேலே நின்று மணிக்கணக்கில் மழை பெய்தேன். மீன்கள் ஒரு மூலையில் ஒதுங்கி என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. கடைசியில் அவற்றை மடுவிலேயே விட்டுவிட்டேன்.

அதே மார்ச் மழைக்குத்தான் காப்பிச் செடியும் காத்திருக்கும். அந்த மழையில் நனைந்தால் பத்தாம் நாள் பூக்கும். மழை தவறினால் மொட்டு அப்படியே காய்ந்துவிடும், அந்த வருடத்து விளைச்சல் அதோடு போச்சு. இந்த வருடம் மார்ச் இருபது ஆகியும் ஒரு தூறல் இல்லை.

கல்லூரிக் கூட்டத்துக்காகத் திங்கட்கிழமை சேலம் போயிருந்தேன். செவ்வாய் காலை முதல் பஸ்ஸில் திரும்பி இறங்கும்போதே ஓடைப் பக்கம் இன்ஜின் சத்தம் கேட்டது. பையைக்கூட அறையில் வைக்காமல் ஓடினேன். மடுவுக்குள் கை கனத்துக்கு ஒரு குழாய் கிடந்தது. கழுத்தளவு தண்ணீர் முழங்காலுக்கு வந்திருந்தது. கரைக்கு மேலே, காப்பிச் சரிவின் உச்சியில், ஸ்பிரிங்ளர் சுற்றிச் சுற்றித் தண்ணீரை வீசிக்கொண்டிருந்தது.

தோட்டம் காளியாயியுடையது. நாற்பத்தைந்து வயதிருக்கும். கீழ் தோட்டம், மேல் தோட்டம் என்று இரண்டு ஏக்கர் வைத்துக்கொண்டு ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்கிறவர். இன்ஜினும் ஸ்பிரிங்ளரும் ஒண்டிக்கடை ஊரில் வாடகைக்கு விடும் ரியாஸிடம் எடுத்தவை.

"யாரைக் கேட்டுக்கா இதுல குழாய் போட்டீங்க?" என்று கத்தினேன்.

"ஏனுங்க மேடம், யாரைக் கேக்கோணும்? மொட்டு நின்னுக்கிட்டு கெடக்குது. நேத்துப் பூரா கீழ் தோட்டத்துக்கு உட்டாச்சுங்க. இன்னிக்குப் பொழுதோட மேல் தோட்டமும் நனைஞ்சிருச்சுன்னா குழாயை எடுத்துருவேன்."

"மீன் செத்துப்போகும்."

"சாகலீங்களே. நேத்து கீழ் தோட்டத்துல இருந்து தண்ணி வழிஞ்சு அந்தச் சின்ன ஓடையில ஓடுச்சுங்களா, உங்க மீனு பூரா அதுல மேல மேல ஏறுது. இப்பவும் ஏறிக்கிட்டுதான் இருக்குது. நொம்ப வேடிக்கையா இருக்குதுங்க. ரெண்டு நிமிசம் வந்து பாருங்க."

மடுவின் அந்தப் பக்கம், தோட்டத்திலிருந்து இறங்கும் கல்லோடை ஒன்று உண்டு. மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் வரும். இருபதடி நடந்தால் போய்ப் பார்த்திருக்கலாம். நான் போகவில்லை. பேச்சை மாற்றி என்னை இழுத்தடிக்கப் பார்க்கிறாள் என்று எனக்கு ஆத்திரம். அங்கேயே நின்று போனை எடுத்து, வருவாய்த்துறை அதிகாரி ஒருவருக்குப் புகார் சொன்னேன். இப்படி ஒரு நாள் வரும் என்று புகார்க் கடிதத்தைப் போன மாதமே தட்டச்சு செய்து வைத்திருந்தேன். அதையும் அனுப்பிவிட்டேன்.

அதிகாரி பத்து மணிக்கு வந்தார், இன்ஜினை நிறுத்தச் சொன்னார், தடை என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மேல் தோட்டம் நனையத் தொடங்கி இரண்டு மணி நேரம்தான் ஆகியிருந்தது. ரியாஸ் வந்து இன்ஜினை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். காளியாயி என்னோடு சண்டைக்கு வரவில்லை. குழாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். நான் ஜெயித்தேன் என்று சந்தோஷமாகத் தூங்கினேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை.

புதன் காலை மீன் எண்ணப் போனேன். ஒன்பது இருந்தது. மறுபடி எண்ணினேன், ஒன்பதேதான். செத்து மிதக்கவும் இல்லை. அப்போதுதான் காளியாயி சொன்னது காதில் ஏறியது.

கல்லோடையில் தண்ணீர் நின்றுபோயிருந்தது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே குழிகளில் மட்டும் கொஞ்சம் தேங்கியிருக்க, அவற்றில் என் கெண்டைகள் முதுகு வெளியே தெரியக் கிடந்தன. வாளியில் அள்ளி அள்ளி மடுவில் விட்டேன். நாற்பத்தாறு பிழைத்தன, ஐந்து போய்விட்டன. கடைசிக் குழியில் கை விட்டபோது விரலில் ஏதோ ஒட்டியது. கடுகைவிடச் சின்னது, கண்ணாடி மாதிரி தெளிவு, நடுவில் ஒரு புள்ளி.

முட்டை. குனிந்து பார்த்தால் பாசி முழுக்க முட்டை, வேர் முழுக்க முட்டை. மூன்று வருடம் நான் பூவாளியோடு நின்று கெஞ்சியும் மசியாத மீன், காளியாயியின் தோட்டத்திலிருந்து வழிந்த தண்ணீரை மழை என்று நம்பி ஏறிவந்து போட்ட முட்டை. ஓரத்துப் பாசி காய்ந்து, அதில் இருந்தவை வெளுத்துப்போயிருந்தன. நடுவில் ஈரம் இருந்த இடத்தில் மட்டும் உயிர் மிச்சமிருந்தது. வெயில் ஏறினால் அதுவும் போய்விடும். பாசியோடு பெயர்த்துத் தொட்டிக்குக் கொண்டுபோகலாம் என்று ஒரு கொத்தை இழுத்தேன். முட்டைகள் உதிர்ந்து என் கையிலேயே நசுங்கின.

வாளி வாளியாக ஊற்றிப் பார்த்தேன். ஊற்றியது கல்லிடுக்கில் எங்கே போனது என்றே தெரியவில்லை. முட்டை பொரிய இரண்டு நாள், குஞ்சு தானாக நீந்த இன்னும் நாலு நாள். அதுவரை இந்த ஓடையில் தண்ணீர் ஓட வேண்டும். ஓட வைக்கக்கூடிய இன்ஜினை நானே நிறுத்தியிருந்தேன்.

காளியாயியின் வீட்டு வாசலில் போய் நின்றேன். அவர் பலாக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை கத்தி நிற்கவில்லை.

"அப்ப இன்ஜினைத் திரும்ப ஓட்டோணுங்கறீங்க."

"ஆமாக்கா. ஸ்பிரிங்ளர் வேண்டாம். குழாயை மட்டும் கல்லோடைத் தலையில போடணும். ஓடற தண்ணி பாதிக்கு மேல மடுவுக்கே திரும்ப வந்துரும்."

"மேல் தோட்டத்துக்கு?"

மடுவில் இருந்த முழங்காலளவுத் தண்ணீரை மேல் தோட்டத்துக்கு விட்டால் முதலில் மண் குடிக்கும், ஓடைக்கு வழிய ஒரு நாளாகும், அதற்குள் முட்டை காய்ந்துவிடும். அது அவருக்கும் தெரியும். நறுக்கிய காயைத் தண்ணீரில் போட்டுவிட்டுக் கையைத் துடைத்தார்.

"நேத்து வெடியால அங்கயே உக்காந்து பாத்தனுங்க. ஒவ்வொரு கல்லையும் எப்படித் தாவி ஏறுச்சுங்கறீங்க. கூப்புட்டா வரமாட்டேன்னுட்டீங்க." கத்தியை ஓரமாக வைத்தார். "சரி, ஓட்டிக்கலாம். ஆனா புகார் பண்ணுனது தப்புன்னு நீங்களே எழுதிக் குடுக்கோணும். அடுத்த வருசம் மழை வல்லீன்னா, மொதத் தண்ணி மேல் தோட்டத்துக்குத்தான். அதையும் எழுதுங்க."

எழுதினேன். அதிகாரி அதைப் படித்துவிட்டு, உங்களுக்கு என்னதான் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே தடையை ரத்து செய்தார். கேட்டதில் தப்பில்லை. அதுவரை வெயில் படாமல் முட்டைக் குழிகளை ஈரச் சாக்கால் மூடி வைத்தோம். ரியாஸ் நாலு மணிக்கு இன்ஜினோடு திரும்பி வந்தான்.

"நிறுத்தச் சொல்றதும் நீங்க, ஓட்டச் சொல்றதும் நீங்க" என்றான். "மீனு ஏதும் போன் பண்ணுச்சுங்களா மேடம்?"

இன்ஜினை மெதுவாக ஓட வைத்து, குழாயைக் கல்லோடைத் தலையில் கட்டிவிட்டுப் போனான்.

ஆறு நாள் ஓடியது. டீசல் ஊற்றுவதும் குழாயைத் திருப்பி வைப்பதும் நானும் காளியாயியும் மாறி மாறிச் செய்தோம். இரண்டாம் நாள் முட்டைக்குள் ஏதோ துடித்தது. அதற்கடுத்த நாள் பாசியில் ஊசிமுனை அளவு வால்கள் தொங்கின. ஏழாம் நாள் இன்ஜினை நிறுத்தும்போது குஞ்சுகள் நீந்தி மடுவுக்கு இறங்கிவிட்டன. அதே வாரக் கடைசியில் கீழ் தோட்டம் வெள்ளை வெளேரென்று பூத்தது. வாசனை ரோடு வரைக்கும் வந்தது.

மடு ஓரத்தில் மண்டிபோட்டுக் குஞ்சுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். நூற்று எண்பதைத் தாண்டியபோது காளியாயி மேலிருந்து இறங்கி வந்தார். கையில் ஒரு காப்பிக் கிளை. மொட்டுகள் பருத்து, வெளிறிய சிவப்பாகி, விரியாமல் அப்படியே நின்றிருந்தன. விரலால் தொட்டதும் இரண்டு உதிர்ந்தன.

"ரெண்டு மணி நேரம் தண்ணி குடிச்ச செடிங்க. குடிக்காமயே இருந்திருந்தாக்கூட, பின்னால மழை வந்தா பூக்கும். பாதியில உட்டா இப்படித்தான். மேல் தோட்டம் பூரா இதேதான்."

நான் எழுந்து நின்றேன்.

"அன்னிக்கு நீங்க ரெண்டு நிமிசம் வந்து பாத்திருந்தா, சாயங்காலத்துக்குள்ள மேல் தோட்டம் நனைஞ்சிருக்கும். அந்தத் தண்ணியும் இங்கதான் வழிஞ்சிருக்கும். எம்பூவும் நின்னிருக்கும், உங்க முட்டையும் காஞ்சிருக்காது."

"தப்பு என்னோடதுதாங்க்கா" என்றேன். அழுகையை அடக்க முடியவில்லை.

காளியாயி கிளையைக் கரையில் போட்டார். குனிந்து, தண்ணீரில் ஓடுகிறவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அழுது என்ன கண்ணு பண்ண. எத்தனை இருக்குதுன்னு எண்ணு."

எத்தனையில் விட்டேன் என்று எனக்கு நினைவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒன்றிலிருந்து எண்ணினேன்.