மாத்திரை கொடுத்தால் குனிகிறேன்

குழந்தை வயிற்றில் குறுக்கே கிடந்ததால், நாள் குறித்து வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா படித்துப் படித்துச் சொன்னாள்: "வலி வர்ற வரைக்கும் காத்திருக்காத. மாத்திரைய நேரத்துக்குப் போடு. பால் குடுக்கலாம், ஒண்ணும் ஆகாது." என் மாமியார் சபோஹத் பக்கத்தில் நின்று என்னைவிட அதிகமாகத் தலையாட்டினாள்.

வாசல் தாண்டியதும் மாத்திரை அட்டை அவள் சட்டைப் பைக்குள் போய்விட்டது.

"பால் விஷமாயிடும். ஆறு பெத்தேன், ஒரு மாத்திரை தொட்டதில்ல. நீயா பெத்த? அவங்கல்ல எடுத்துக் குடுத்தாங்க!"

இருமினால் உயிர் போகிறது. தும்மல் வந்தால் தலையணையை வயிற்றில் அழுத்திக்கொண்டு அழுகிறேன். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். தொட்டிலிலிருந்து என் பெண்ணைத் தூக்க முடியவில்லையே! அவள் வீறிடுவாள், மாமியார் வந்து எடுத்துத் தரும்வரை நான் பார்த்துக்கொண்டே கிடப்பேன். பெற்றவள் நானா அவளா என்று பற்றிக்கொண்டு வரும். புருஷன் தில்முரோத்திடம் சொன்னால், "அம்மாகிட்ட நான் எப்படிக் கேக்கறது?" என்று தரையைப் பார்க்கிறான். அவனுக்குப் பல் வலித்தபோது இதே அம்மாதான் மாத்திரைக்காகத் தெருத்தெருவாக ஓடினாள். எனக்கு மட்டும் ஆட்டுச் சூப்பு, கிண்ணம் கிண்ணமாக.

இன்று மாமியாரின் அக்கா, மகள்கள் இருவரோடு குழந்தையைப் பார்க்க வந்துவிட்டாள். எங்கள் நமங்கான் ஊரில் விருந்தாளி வந்தால் மருமகள் எழுந்து, நெஞ்சில் கை வைத்து, இடுப்பு மடியக் குனிய வேண்டும். அதுவரை அவர்கள் உட்கார மாட்டார்கள்.

"குல்ருஹ், எந்திரி. பெரியம்மா நிக்கிறாங்க."

நான் அசையவில்லை.

"காதுல விழலியா?"

"விழுது அத்தை. மாத்திரையக் குடுங்க, குனியறேன்."

மாமியாரின் முகம் சிவந்துபோனது.

"என்ன மாத்திரை?" என்றாள் பெரியம்மா.

"வலிக்கு ஆஸ்பத்திரியில குடுத்தது. உங்க தங்கச்சி பையில பத்திரமா இருக்கு."

"நல்லா இருக்கு சபோஹத், உன் வீட்டு மரியாதை! குடுத்துத் தொலையேன். என் முட்டி என்னத்துக்கு ஆகும்? எவ்வளவு நேரம் நிக்கிறது?"

டாக்டர் பேச்சை மதிக்காதவள் அக்காவின் வாய்க்குப் பயந்தாள். அட்டை என் மடியில் வந்து விழுந்தது. டீயோடு விழுங்கினேன்.

"முழுங்கியாச்சுல்ல? குனி," என்றாள் மாமியார்.

"மாத்திரைக்கு வலி கேக்க வேணாமா? உக்காருங்க பெரியம்மா, டீ குடிங்க."

வேறு வழியில்லாமல் உட்கார்ந்தார்கள். ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, என்னை வளர்த்த லட்சணத்தை என் காதுபடவே பேசினார்கள். பேசட்டும். வயிற்றில் எரிச்சல் மெல்ல அடங்கியது.

குழந்தை அழுதது. மாமியார் எழப் போனாள்.

"நீங்க இருங்க," என்றேன்.

சுவரைப் பிடித்து எழுந்தேன். பெரியம்மா கோப்பையை வைத்துவிட்டு, முக்காட்டைச் சரிசெய்து, வணக்கத்துக்கு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அவளைக் கடந்து போய், தொட்டிலுக்குக் குனிந்தேன்.