இரவல் நாற்காலி

மகளின் கல்லூரி உதவித்தொகைக்காக வீட்டு நிலைமையைப் பார்க்க அதிகாரியம்மா வருகிறார் என்றதும், தையல்காரி தெருவெல்லாம் இரவல் கேட்டு, டிவியும் மெத்தை நாற்காலியுமாக வீட்டையே ஜோடித்துவிட்டாள்.

மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "நாம இல்லாதவங்கன்னு தெரிஞ்சாத்தானேம்மா பணம் தருவாங்க!"

"அதுக்காக வந்தவங்களைத் தரையிலயா உக்கார வைப்பாங்க? போடி!"

வந்த அதிகாரியம்மா நாற்காலியில் அமர்ந்து டிவியையே பார்த்தார். அந்த நேரம் பார்த்தா பக்கத்து வீட்டுக்காரி வரவேண்டும்!

"அக்கா, எங்க வீட்டுக்கும் ஆள் வந்துட்டாங்க. நாற்காலியக் குடுங்க."

அதிகாரியம்மா எழுந்து நாற்காலியைக் கொடுத்துவிட்டு, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"என்னோட உதவித்தொகைக்குப் பாக்க வந்தப்போ, எங்கம்மா ஃப்ரிட்ஜ் இரவல் வாங்கி வச்சாங்க" என்றார். "வீட்டுல கரண்டே கிடையாது."