மைக்கக்காவுக்குக் குரல் கட்டியது

எடை மெஷினிலிருந்து அவள் இன்னும் முழுசாக இறங்கவில்லை. ஒரு கால் தரையில், இன்னொரு கால் மெஷினில். அப்போதுதான் சர்ஜன் கேட்டார்.

"வீட்ல யாரும் பார்க்காதப்ப என்ன சாப்பிடறீங்க?"

கேட்டவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மெஷினில் மின்னிய எண்ணைப் பார்த்தார். பிறகு சுவரோரம் உட்கார்ந்திருந்த அவள் கணவரைப் பார்த்தார், ஏதோ அவர்தான் சாட்சி சொல்ல வந்தவர் மாதிரி.

"நீங்க எழுதிக் கொடுத்தது மட்டும்தான் டாக்டர். அதையே முழுசா சாப்பிட முடியல."

"எல்லாரும் இதையேதாம்மா சொல்றாங்க. என்னால வயித்தத்தான் சின்னதாக்க முடியும். வாயைச் சின்னதாக்க எனக்கு யாரும் சொல்லித் தரல."

சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். மரியாதைக்காகக் கணவரும் கொஞ்சம் சிரித்து வைத்தார். அந்தச் சிரிப்பு அவள் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது.

அவள் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எது தாமதம், எது ரத்து என்று காலையிலிருந்து மாலைவரை ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டிருக்கும் குரல் அவளுடையது. ஊரில் பாதிப் பேருக்கு அந்தக் குரல் தெரியும், முகம் தெரியாது. நிலையத்தில் வேலை பார்ப்பவர்கள் வயது வித்தியாசம் பார்க்காமல் அவளை மைக்கக்கா என்றார்கள். அறிவிப்பு அறை மாடியில் இருந்தது. குறுகலான இரும்புப் படி. ஏறி முடிப்பதற்குள் முட்டி இரண்டும் கெஞ்சும், மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கும். முதல் அறிவிப்பை மூச்சிரைக்கச் சொல்ல நேர்ந்த ஒரு நாளில்தான், இரைப்பையைச் சுருக்கும் ஆபரேஷனைச் செய்துகொள்வது என்று முடிவெடுத்தாள். யாரும் அவளைத் தூண்டவில்லை. கணவர்கூட, "யோசிச்சுக்கோ, பெரிய விஷயம்," என்றுதான் சொன்னார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. முதல் சில மாதங்கள் எடை மளமளவென்று இறங்கியது. ரவிக்கைகள் தொளதொளத்தன. பிறகு, என்ன ஆனதென்று தெரியாமல், எடை அப்படியே நின்றுவிட்டது. ஒரு மாதம் கொஞ்சம் இறங்கும், அடுத்த மாதம் அதுவே திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

"முடி கொத்துக் கொத்தா கொட்டுது டாக்டர். எப்பப் பார்த்தாலும் அசதியா இருக்கு. வெயில்லகூடக் குளுருது," என்று அன்றைக்கும் சொல்லிப் பார்த்தாள்.

"ஆபரேஷன் பண்ணினா முடி கொட்டத்தான் செய்யும். உங்களுக்கப்புறம் செஞ்சுக்கிட்டவங்க எல்லாம் அடையாளம் தெரியாம இளைச்சுட்டாங்க. நீங்கதான் என் பேரைக் கெடுத்துட்டிருக்கீங்க." கணவர் பக்கம் திரும்பினார். "கொஞ்சம் கண்காணிங்க சார். இவங்களுக்கே தெரியாம கை போயிட்டிருக்கும்."

வீடு திரும்பும் வழியெல்லாம் கணவர் அவளை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தார். நகலெடுக்கும் இயந்திரங்களைப் பழுது பார்க்கிறவர் அவர். கோளாறு எங்கே என்று தெரியாதபோது முகத்தை எப்படி வைத்துக்கொள்வாரோ, அப்படியே வைத்திருந்தார். அவளுக்கு அந்த முகம் பழக்கம்தான். அந்த முகத்தோடு அவர் தன்னைப் பார்த்து அவள் அறிந்ததில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் எல்லாம் மாறிவிட்டது. யாரும் சண்டை போடவில்லை. அதுதான் இன்னும் கஷ்டம். அவள் அடுக்களைக்குள் போனால் கணவருக்கும் அங்கே தண்ணீர் தாகம் எடுத்தது. அவள் குப்பைக் கூடையைக் கட்டி வெளியே வைத்தால், அவர் அதை எடுத்துப் போகும்போது முடிச்சு அவிழ்ந்திருந்தது. மாடி வீட்டில் தனியாக இருந்த நாத்தனார், அவர் அக்கா, சாயங்காலம் இறங்கி வந்து, "இன்னிக்கு என்ன சாப்பிட்ட?" என்று கேட்பாள். பதில் சொன்னால், "அவ்வளவுதானா?" என்பாள். அந்த 'தானா'வில் ஆயிரம் அர்த்தம் இருந்தது.

ஒரு நாள் கணவர் அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார். "இந்த பிஸ்கட் டப்பா போன வாரம்தானே ரொப்பினேன்?"

"எனக்கென்ன தெரியும்?"

"நான் தொடல. நீயும் தொடல. அப்ப எலிதான் மூடியத் திறந்து சாப்பிட்டுட்டு மறுபடி மூடி வச்சிருக்கு."

அவளுக்குச் சுரீரென்றது. ஆனால் அதைவிடப் பயமாக இருந்தது வேறொன்று. நிஜமாகவே தனக்குத் தெரியாமல் கை போகிறதா? குழம்புக்கு உப்புப் பார்த்தபோது ஒரு கரண்டிக்கு மேல் போனதா? தன் கையையே வேற்றாள் கை மாதிரி கவனிக்க ஆரம்பித்தாள். சில நேரம் சந்தேகம் சர்ஜன் மேல் போகும். உள்ளே ஏதாவது செய்தாரா, மேலே மட்டும் கீறித் தைத்து அனுப்பிவிட்டாரா? நாலு வாய்க்கு மேல் சாப்பிட்டால் நெஞ்சு அடைக்கிறதே, செய்யாமல் எப்படி அடைக்கும் என்று புத்தி சொல்லும். மனசு கேட்காது. குளிக்கும்போது வயிற்றில் இருந்த சின்னச் சின்னத் தழும்புகளைத் தடவிப் பார்ப்பாள், அவை ஏதாவது உளறுமா என்று.

நடைமேடையில் ஒரு டீக்கடை உண்டு. சர்க்கரை இல்லாத டீ அவளுக்கு அங்கிருந்துதான் வரும். ஒரு மத்தியானம் தலை கிறுகிறுத்தது. கீழே இறங்கிப் போய், "ஒரு வாழைப்பழம் கொடுங்க," என்றாள். கடைக்காரர் பழத்தை எடுத்தார், கொடுக்கவில்லை.

"மைக்கக்கா, தப்பா நினைக்கக் கூடாது. உங்க வீட்டுக்காரர் வந்திருந்தாரு. நீங்க டீயத் தவிர ஏதாவது வாங்கினா ஒரு போன் போடச் சொன்னாரு."

"எப்ப வந்தாரு?"

"அது ஆச்சுக்கா, ரொம்ப நாளு. உங்க நல்லதுக்குத்தான்னாரு. நான் இதுவரைக்கும் போடல. போடறதுக்கு நீங்க ஒண்ணும் வாங்கினதே இல்லயே."

அவள் பழத்துக்குக் காசை வைத்துவிட்டுப் பழத்தை எடுக்காமலே மாடி ஏறினாள். அடுத்த அறிவிப்பில் நடைமேடை எண்ணை மாற்றிச் சொல்லிவிட்டாள். பெட்டியும் பையுமாக ஒரு கூட்டம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடியது. டைம்கீப்பர் படியேறி வந்தார். அவளைவிட மூத்தவர், கோபப்படத் தெரியாதவர்.

"என்னம்மா ஆச்சு?"

"தப்பா சொல்லிட்டேன். மன்னிச்சுக்குங்க."

"அத விடு, அது எல்லாருக்கும் வர்றதுதான். உன் குரலச் சொல்றேன். கொஞ்ச நாளாவே கரகரன்னு இருக்கு. நேத்து ஒரு பயணி, அந்தம்மாவ மாத்திட்டு யாரோ ஆம்பளயப் போட்டுட்டீங்களான்னு கேக்கறாரு. தொண்டையக் காட்டினியா?"

அவள் காட்டியிருக்கவில்லை. எடை, எடை என்று அலைந்ததில் குரல் போனது அவளுக்கே உறைக்கவில்லை. மறுநாள் அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டுத் தொண்டை டாக்டரிடம் போனாள். வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் கணவர் கூட வருவார், சுவரோரம் உட்காருவார். இப்போது ஒளித்துப் போகிற ஆளாகவும் ஆகிவிட்டோம் என்று நினைக்கச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

தொண்டை டாக்டர் இளம்பெண். தொண்டைக்குள் பார்த்துவிட்டுக் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். முகம் ஊதியிருப்பதையும் கை சில்லென்று இருப்பதையும் கவனித்தார்.

"தைராய்டு மாத்திரை சாப்பிடறீங்களா?"

"வருஷக் கணக்கா சாப்பிடறேன் டாக்டர். ஒரு நாள்கூட விட்டதில்ல."

"எப்படிச் சாப்பிடுவீங்க?"

இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் எழுந்ததும் வெறும் வயிற்றில் அவளே போட்டுக்கொள்வாள். அப்புறம் சத்து மாத்திரை, சுண்ணாம்புச் சத்து, இரும்புச் சத்து என்று கூட்டம் சேர்ந்துவிட்டது. படுக்கையில் கிடந்த நாட்களில் கணவர் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டார். காலையில் எல்லாவற்றையும் மொத்தமாக அவள் உள்ளங்கையில் வைத்துத் தண்ணீரையும் நீட்டுவார். இன்றுவரை அப்படித்தான்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "கால்சியமும் இரும்பும் கூடப் போனா தைராய்டு மாத்திரை உடம்புல சேராதும்மா. நடுவுல நல்ல இடைவெளி விடணும். ஆபரேஷனுக்கப்புறம் தைராய்டுக்கு ரத்தம் கொடுத்தீங்களா?"

"யாரும் எழுதலயே."

ரத்தம் கொடுத்தாள். மறுநாள் முடிவு வந்தது. அவள் பயந்ததைவிட மோசமாக இருந்தது. அசதிக்கும், குளிருக்கும், கட்டின குரலுக்கும், பெரும்பாலும் நின்றுபோன எடைக்கும் அதுதான் காரணமாக இருக்கும் என்றார் டாக்டர். "எல்லாமே இதனாலதான்னு சொல்ல மாட்டேன். சிலருக்கு மெதுவாத்தான் இறங்கும். ஆனா உங்க மேல தப்பில்ல."

கடைசி வார்த்தை காதில் விழுந்ததும் அவள் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். டாக்டர் அவசரப்படுத்தவில்லை.

வழக்கத்தைவிடச் சீக்கிரமே வீட்டுக்கு வந்தபோது பின்கதவு திறந்திருந்தது. அடுக்களையில் நாத்தனார் நின்றுகொண்டிருந்தாள். சர்க்கரை வியாதிக்காரி. ஒரு கையில் பிஸ்கட் டப்பா, வாயில் பாதி பிஸ்கட். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நாத்தனாரால் முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

"தம்பிகிட்ட சொல்லிடாத," என்றாள் கடைசியில்.

"எத்தன நாளா அண்ணி?"

"எப்பவாவதுதான். நீ வேலைக்குப் போனப்புறம். டாக்டர் எனக்கும் எல்லாத்தையும் நிறுத்திட்டாரு. நாக்கு கேக்க மாட்டேங்குது."

"நான் வாங்கிக் கட்டிக்கிறதப் பார்த்துக்கிட்டேதானே இருந்தீங்க?"

நாத்தனார் டப்பாவை மூடினாள். "எப்படிச் சொல்றதுன்னு தெரியல," என்றாள். அது உண்மையாகவே பட்டது. இவளுக்குக் கோபம் வரவில்லை. ஒளிந்து சாப்பிடுகிறவர்களின் முகம் எப்படி இருக்கும் என்று இத்தனை நாள் கண்ணாடியில் தேடியிருக்கிறாள். இப்போது எதிரே நின்று பார்த்தபோது அதில் வெறும் பயம்தான் இருந்தது.

"நான் சொல்ல மாட்டேன் அண்ணி. நீங்களே சொல்லிடுங்க."

நாத்தனார் அன்று சாயங்காலமே சொல்லிவிட்டாள். கூடவே இவள் ரத்தப் பரிசோதனைத் தாளை மேசை மேல் வைத்தாள். கணவர் படித்தார். படித்ததையே மறுபடி படித்தார்.

"நான்தானே கையில வச்சேன்," என்றார்.

"ஆமா."

"எனக்கு யாரும் சொல்லலயே."

"எனக்கும்தான் யாரும் சொல்லல. ஆனா டீக்கடைக்காரர்கிட்ட நீங்க சொன்னீங்க."

அவர் தாளை மடித்து மேசை மேல் வைத்தார். அந்த நொடியில் அவளுக்குள் ஒரு கேவலமான நினைப்பு ஓடியது. வேண்டுமென்றே வைத்திருப்பாரோ? இளைத்துவிடக் கூடாது என்று நினைத்திருப்பாரோ? அபத்தம் என்று அவளுக்கே தெரியும். மாத்திரையை நேரத்துக்குக் கொடுக்க அலாரம் வைத்துக்கொண்ட மனுஷன். இருந்தும் அந்த நினைப்பு வந்துதான் போனது. சர்ஜன் வீட்டுக்குள் விட்டுப் போன சந்தேகம் யாரையும் விட்டு வைக்கவில்லை என்று அப்போது புரிந்தது.

பரிசோதனைத் தாளோடு அவள் தனியாகச் சர்ஜனிடம் போனாள். அவர் அதை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"இது ஒரு சின்ன காரணம்தான். வாயக் கட்டினாத்தான் இறங்கும்."

"ஆபரேஷனுக்கு முன்னாடியே நான் தைராய்டு மாத்திரை சாப்பிடறது உங்க பைல்ல இருக்கு. அப்புறமா ஒரு தடவகூட ஏன் டாக்டர் டெஸ்ட் எழுதல?"

"அது உங்க பழைய டாக்டர் பார்க்க வேண்டியது."

"எதோட எதைச் சேர்த்துச் சாப்பிடக் கூடாதுன்னாவது சொல்லியிருக்கலாமே."

"எல்லாத்தையும் நானே சொல்லிட்டிருக்க முடியுமா? வெளியில எத்தன பேர் காத்துட்டிருக்காங்க பாருங்க."

அவள் பார்த்தாள். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி மடியில் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பக்கத்திலிருந்த தன் அம்மாவிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சத்தியம் செய்துகொண்டிருந்தாள். இவள் எழுந்தாள்.

"என் பைலைக் கொடுங்க டாக்டர். நான் வேற இடத்துல பார்த்துக்கறேன்."

அவர் தடுக்கவில்லை. வருத்தம் தெரிவிக்கவும் இல்லை. வெளியே வந்தவள் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நிமிஷம் உட்கார்ந்து, "மாத்திரை எல்லாத்தையும் ஒண்ணா போடாதம்மா, எது எப்பன்னு கேட்டுக்கோ," என்றாள். பெண்ணின் அம்மா, யார் இது என்பது போல அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

புது டாக்டர் வயதான பெண்மணி. அதிகம் பேசுவதில்லை, கேட்டுக்கொள்வார். மாத்திரைகளைக் காலை, மதியம், இரவு என்று பிரித்துக் கொடுத்தார். எடை மறுபடி இறங்கத் தொடங்கியது. மளமளவென்று இல்லை, நத்தை மாதிரி. "இதுதான் உங்க வேகம்னா இதுதான்," என்று டாக்டர் சொல்லிவிட்டார். குளிர் விட்டது. குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. டைம்கீப்பர் கீழேயிருந்து கையைத் தூக்கிக் காட்டினார்.

மாத்திரைகளை இப்போது அவளே எடுத்துப் போட்டுக்கொள்கிறாள். கணவர் கேட்பதில்லை. டீக்கடைக்காரரிடம் போய், நான் சொன்னதை மறந்துடுங்க என்று சொன்னாராம். சாப்பிடும்போது சில சமயம் அவர் பார்வை அவள் தட்டுக்கு வரும், சட்டென்று விலகும். அது விலகுவதையும் அவள் பார்த்துவிடுவாள்.

போன வாரம் டாக்டரிடம் கிளம்பியபோது, "நானும் வரட்டுமா?" என்றார் கணவர்.

"வாங்க. ஆனா வெளியில உட்காருங்க."

உட்கார்ந்திருந்தார். அவள் வெளியே வந்ததும் எழுந்து நின்றார். எடை எவ்வளவு என்று கேட்க வாயெடுத்தது தெரிந்தது. கேட்கவில்லை. அவள் கைப்பையை அவரிடம் கொடுத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"பசிக்குது," என்றாள். "எங்கயாவது உட்கார்ந்து ஏதாவது சாப்பிடலாம்."

"சரி," என்று முன்னால் நடந்தார் அவர். எதிர்ப்புறக் கடையில் மூலை மேசையைக் காட்டினார். அவள் தலையசைத்துவிட்டு, ஜன்னலோரம் எல்லாருக்கும் தெரிகிற மேசையாகப் பார்த்து உட்கார்ந்தாள்.